ஐஓஎம்எம்யூ அனுமதி மாறிலிகளுக்குப் பொதுப் பெயர் வைப்பது எப்படி?

கேள்வி:
சாதனங்களின் நினைவக அணுகலைத் தனிமைப்படுத்த இன்டெல், ஏஎம்டி ஐஓஎம்எம்யூ-க்களுக்கான (சாதனங்கள் நினைவகத்தின் எந்தப் பகுதியை அணுகலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) டிரைவர்களை எழுதி வருகிறோம். படிக்கவும் எழுதவும் அனுமதி தரும் மாறிலிகளைப் பொதுவான ஹெடரில் வைக்கும்போது, வன்பொருளின் பிட்டையே மதிப்பாகக் கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். இதே அனுமதிகளுக்கு இன்டெல் தன் இரண்டாம் நிலைப் பக்க அட்டவணையில் (முகவரி மாற்றத்தையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் அட்டவணை) 0, 1 ஆகிய பிட்களையும், ஏஎம்டி தன் அட்டவணையில் 61, 62 ஆகியவற்றையும் பயன்படுத்துகின்றன. ஏஎம்டி-யில் 0ஆம் பிட்டுக்கு ‘பதிவு உள்ளது’ என்றே பொருள். லினக்ஸில் ‘ஐஓஎம்எம்யூ_ரீட்’, ‘ஐஓஎம்எம்யூ_ரைட்’ என நிறுவன முன்னொட்டு இல்லாத பெயர்களே உள்ளன. அவற்றை வன்பொருள் பிட்களாக மாற்றுவது அந்தந்த டிரைவரின் பொறுப்பு.

பதில் 2:
யாருடைய பார்வையில் ‘ரீட்’ என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். லினக்ஸில் தரவு செல்லும் திசையைக் குறிக்கும் ‘டிஎம்ஏ_டு_டிவைஸ்’ என்றால் சாதனம் நினைவகத்தைப் படிக்கிறது என்று பொருள். ஆகவே அதற்கு ரீட் அனுமதிதான் தேவை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நெட்வொர்க் கார்டு அனுப்ப வேண்டிய பஃபருக்கு எழுதும் அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஃபால்ட் (அணுகல் மறுப்புப் பிழை) பதிவுகளோடு போராடினேன். மாறிலிக்கு மேலே ஒரு வரிக் குறிப்பாவது எழுதிவிடுங்கள்.

பதில் 3:
பயனர் நிரல்களுக்கான ஹெடரில் இதே மாறிலிகளை வெளியிடாதீர்கள். வெளியான மதிப்பைப் பிறகு மாற்றினால் பழைய நிரல்கள் உடைந்துவிடும். லினக்ஸின் விஎஃப்ஐஓ (பயனர் நிரல்கள் சாதனங்களை நேரடியாகக் கையாள உதவும் இடைமுகம்) இதற்கெனத் தனிப் பெயர்களையே வைத்திருக்கிறது.