புதன்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் ஆய்வுகளை எப்படிக் கொண்டுவருவது?

கணித ரீச்சர், வலிகாமம்:

எல்லோருக்கும் வணக்கம். மருதனார்மடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 6 முதல் 9 வரை கணிதம் படிப்பிக்கிறேன். புதன்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு முக்கால் மணித்தியாலம் ஆசிரியர்கள் கூடி, கல்வி ஆய்வுகள் எதையாவது படித்து, அதைக்கொண்டு தங்கள் படிப்பித்தலை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் அதிபரின் விருப்பம். நடத்தும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். 14 பேர் வருவார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் போய்வந்த செயலமர்வுகளின் கோப்புகள் எல்லாம் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு, பின்னம் கூட்டுவதில் பிள்ளைகள் விடும் பிழைகள் பற்றிச் செயல்நிலை ஆய்வு (ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்யும் ஆய்வு) ஒன்று செய்தேன். கட்டிக் கொடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு நானே அதைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது 20 வருடம் படிப்பித்த மூத்த ஆசிரியர்கள் முன்னால் நின்று, ‘ஆய்வு இப்படிச் சொல்கிறது’ என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்கள் மனமும் நோகக்கூடாது. எதில் தொடங்கலாம்? தமிழில் வாசிக்க என்ன இருக்கிறது?

இளைப்பாறிய ஆலோசகர், வடமராட்சி:

வணக்கம் ரீச்சர். கடைசி 9 வருடம் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். செயலமர்வு நடத்தும் பக்கம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கோப்புகள் அலுமாரியில் கிடப்பது உங்கள் குற்றம் அல்ல. 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு, பாடத்தை ஐந்து படிகளில் நடத்தும் 5ஈ முறை வந்தபோது ஐந்து படிகளையும் பாடக்குறிப்பில் எழுதுவித்தோம். குறிப்பு மாறியது, வகுப்பு பெரிதாக மாறவில்லை. ஒரே நாளில் பத்து விடயம் சொல்லி அனுப்பிவிட்டோம், திங்கட்கிழமை அந்த ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்க ஒருவரும் போகவில்லை. எவ்வளவு நன்றாக விளக்கிச் செய்து காட்டினாலும், பிறகு வகுப்பில் சக ஆசிரியர் ஒருவரின் துணை இல்லாவிட்டால் புதிய முறை நிலைப்பது அரிது என்று அமெரிக்காவில் ஜொய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் 1980களிலேயே எடுத்துக்காட்டியிருந்தார்கள். நான் அதை வாசித்தபோது இளைப்பாற இரண்டு வருடந்தான் இருந்தது. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

ஆகவே ஒரு தவணைக்கு ஒரே ஒரு விடயத்தை எடுங்கள். நானாக இருந்தால் காத்திருக்கும் நேரத்தை எடுப்பேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு நேரம் அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கன், அதற்கு மேல் என்று நீட்டியபோது விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை விடை சொன்ன பிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும் என்றார். அதைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம்.

நெல்லியடிப் பக்கம் ஒரு தரம் 7 வகுப்பில் இதை நேரே பார்த்தேன். ஐஸ் போட்ட கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கம் ஏன் ஈரமாகிறது என்று ரீச்சர் கேட்டார். கேட்டு வாய் மூடுமுன் முன்வாங்குப் பிள்ளை ‘ஒடுங்குதல்’ (காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீராவது) என்றது. சரியான விடை, பாடம் நகர்ந்துவிட்டது. அடுத்த வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டு, மனதுக்குள் நாலு வரை எண்ணச் சொன்னேன். மூன்றாவது செக்கனில் ரீச்சரின் கை வெண்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அப்போது பின்வாங்கில் ஒரு பெடியன், “உள்ளுக்கிருந்து கசிஞ்சு வருது ரீச்சர். எங்கட வீட்டு மண்பானையும் அப்பிடித்தானே” என்றான். மண்பானை கசிவது உண்மை! அவன் கண்ணால் கண்டதை வைத்து யோசித்திருக்கிறான். ரீச்சர் ‘பிழை’ என்று சொல்லவில்லை. “அப்ப குவளைக்குள்ள பீற்றூட் சாறு ஊத்தினால் வெளியில என்ன நிறத்தில வரும்?” என்று திருப்பிக் கேட்டார். மறுநாள் சாறு ஊற்றிப் பார்த்தார்கள். வெளியே தெளிந்த நீர். முதல் வகுப்பிலும் அப்படி நினைத்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள், நாங்கள்தான் கேட்கவில்லை.

மூத்தவர்கள் மனம் நோகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேலாக ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் இருந்து பார்க்கிறார்கள். பார்ப்பது பிள்ளைகளை. ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பிரித்துக் கொடுங்கள், அவர்கள் சொன்னதையும் எழுதியதையும் மட்டும் குறிக்கட்டும். அந்தத் தாள் எந்தக் கோப்புக்கும் போகாது, சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் ஏறாது என்று அதிபரிடம் முதலே வாக்கு வாங்குங்கள். மேற்பார்வை என்ற பயம் ஒரு துளி வந்தாலும் எல்லாம் நாடகமாகிவிடும். முதல் பாடம் உங்களுடையதாக இருக்கட்டும்.

தீவகத்து ஆசிரியை:

எங்கள் பள்ளியில் நாங்கள் ஐந்து பேர். மணி அடித்ததும் படகுக்கு ஓட வேண்டும், கூட்டம் என்பது வட்ஸ்அப் குரற்பதிவுகள்தான். அப்படியும் ஒன்றைச் செய்து பார்த்தோம்.

ரூத் பட்லர் என்பவர் 1988இல் இஸ்ரேலில் செய்த ஆய்வு அது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதிக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பகுதிக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். என்னிடம் தரம் 6 தமிழில் 11 பிள்ளைகள். கட்டுரைக் கொப்பியில் புள்ளியை விட்டுவிட்டு, ‘கடற்கரைக்குப் போனதைச் சொன்னாய், அங்கே என்ன மணம் வந்தது?’ என்று எழுதினேன். அடுத்த நாள் ‘கருவாடு காயும் மணமும் அப்பாவின் வலை மணமும்’ என்று திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை அதுவரை ஐந்து வரிக்கு மேல் எழுதியதில்லை.

ஆனால் ஒரு தாய் வந்து, “புள்ளி போடேல்லையே ரீச்சர், பிள்ளை அவ்வளவு மோசமோ?” என்று கலங்கிப்போனார். பெற்றோருக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும், அது என் பிழை. இப்போது புள்ளியை என் பதிவேட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, தவணைப் பரீட்சைக்கு மாத்திரம் கொடுக்கிறேன்.

கோண்டாவில் வாசகன்:

தமிழில் வாசிக்க: நூலகம் இணையத்தளத்தில் ‘அகவிழி’ முதலிய கல்வி இதழ்கள் இருக்கின்றன. ஆங்கிலக் கட்டுரையை 14 பேருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒருவர் வாசித்து ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வரட்டும்.

ஆலோசகர் சேர் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் உடன்படவில்லை. முதல் வாரமே வகுப்புக்குள் ஆட்களை விடாதீர்கள். அவரவர் தங்கள் பாடத்தைப் போனில் பதிந்து, வீட்டில் தனியே கேட்டு, எத்தனை செக்கன் பொறுத்தோம் என்று அளக்கட்டும். வேறொருவர் வந்து அளப்பதைவிட அதில் கூச்சம் குறைவு.

கணித ரீச்சர், வலிகாமம்:

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கோண்டாவில் நண்பர் சொன்னபடி முதலில் என் பாடத்தைப் பதிந்தேன். ஒரு பாடவேளை 40 நிமிடத்தில் 31 கேள்வி கேட்டிருக்கிறேன். மூன்று செக்கன் பொறுத்தது இரண்டே இரண்டுக்கு. மற்றவற்றுக்கு நானே பாதி விடை சொல்லியிருக்கிறேன். கேட்கக் கேட்க அழுகை வந்தது.

கூட்டத்தில் அந்தப் பதிவையே போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எங்கள் மூத்த சமயபாட ரீச்சர், “என்ரையும் இப்பிடித்தான் இருக்கும் பிள்ளை, நானும் பதிஞ்சு பாக்கிறன்” என்றார். மறுவாரம் ஆறு பேர் பதிந்து வந்தார்கள்.

நேற்றுத் தரம் 8இல் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தேன். ‘ஐந்தில் இரண்டு’ என்றாள் ஒருத்தி. அதற்கும் பொறுத்தேன். “இல்லை ரீச்சர், அது அரையைவிடச் சின்னன், கூட்டினால் குறையாதே” என்று அவளே திருத்தினாள். என் பழைய செயல்நிலை ஆய்வில் இந்தப் பிழைக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அதை இன்று அலுமாரியில் இருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அதிபர் வாக்குத் தந்துவிட்டார். வரும் புதன் என் வகுப்புக்கு நாலு பேர் வருகிறார்கள். ஆலோசகர் சேர், ஆளுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் வகுப்பில் மிச்சம் 22 பேர் இருப்பார்கள். அவர்களை யார் பார்ப்பது?