ரிவர்ஸ் போட்டா நறநறன்னு கத்துது. கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணுமா?

லோடுகாரன்:
ஆறு கியர் லாரி. நின்ன இடத்துல ரிவர்ஸ் போட்டா பல்லு உரசுற சத்தம். ஓட்டத்துல மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்கினாலும் அதே சத்தம். நியூட்ரல்ல சத்தமே இல்ல. கிளச் பிளேட் புதுசா போட்டது. பாக்ஸை இறக்கணும்கிறாங்க. அதுக்கு முன்னால என்ன பாக்கலாம்?

கியர்மணி:
நியூட்ரல்ல கிளச்சை மிதிக்காம இருந்தாலே இன்புட் ஷாஃப்டும் (கிளச்லேர்ந்து பாக்ஸுக்குள்ள வர்ற தண்டு) லே ஷாஃப்டும் (அது சுத்திவிடுற பக்கத்துத் தண்டு) சுத்திக்கிட்டுதான் இருக்கும். அப்ப கரகரப்பு வந்து, மிதிச்சதும் நின்னா அந்த பேரிங்குங்க போயிருக்கு. மிதிச்சா மட்டும் வந்தா ரிலீஸ் பேரிங் (மிதிச்சா கிளச்சை விடுவிக்கிறது), இல்ல பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்குறது). உங்களுக்கு ரெண்டுமே இல்ல, அதனால சந்தேகம் கிளச் முழுசா விடுபடலைங்கிறதுதான்.

ஏர் டேங்க் நிரம்பட்டும். ஐடிலிங்ல கிளச்சை அடிவரை மிதிச்சு 10 விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. அமைதியா விழுந்தா, சுத்துற ஷாஃப்ட் நிக்கிறதுக்குள்ள போட்டதுதான் காரணம்; பல பாக்ஸ்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பல்லு சேர்றதுக்கு முன்னால வேகத்தைச் சமமாக்குற ரிங்) கிடையாது. 10 விநாடிக்கு அப்புறமும் கத்தினா பிளேட் ஷாஃப்டை இழுத்துக்கிட்டே இருக்கு.

டபுள்கிளச்:
ரெண்டாவது கியரைத் தனியா பாக்கணும் அண்ணே. டபுள் கிளச் அடிச்சு, அதாவது மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து மிதியை விட்டு, லேசா ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதிச்சு இறக்குங்க. அப்ப சத்தமில்லாம விழுந்து, மத்த கியரெல்லாம் எப்பவும் போல நல்லா விழுந்தா ரெண்டாவது சிங்க்ரோ ரிங் தேஞ்சிருக்கு. எல்லா கியரும் இறுக்கமா இருந்தா கிளச்தான். டிரெயின் பிளக் காந்தத்தையும் பாருங்க. சாம்பல் நிறப் பசை சகஜம். ஆயில்ல பித்தளைத் துகள் மினுக்கினா அது ரிங்கோட பொடி. ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேக்கிற பாக்ஸ்ல ஜிஎல்-5 ஊத்தாதீங்க. அதுல இருக்கிற கந்தகச் சேர்க்கை சில வகை பித்தளையை அரிக்கும், வழுக்கலால ரிங்கும் பிடிக்காது.

கியர்மணி:
புது பிளேட்னா இன்னும் மூணு விஷயம் இருக்கு. கிளச் எண்ணெய் லைன்ல காத்து நின்னிருக்கலாம், பிளேட் திருப்பி மாட்டியிருக்கலாம், ஹப் ஸ்ப்ளைன் (பிளேட் ஷாஃப்ட் மேல நகர்ற பல்லு) வறண்டிருக்கலாம். முதல்ல காத்து எடுங்க. ஒருத்தர் மிதிச்சுப் பிடிக்க, இன்னொருத்தர் காத்து விடுற நிப்பிளைத் திறந்து மூடணும். மூடினப்புறம்தான் மிதியை விடணும். குமிழி நிக்கிற வரைக்கும் தொட்டியில எண்ணெய் குறையவே கூடாது.

அப்புறம் மிதியை அடிவரை பிடிச்சு வச்சு, பூஸ்டர் (காத்தழுத்தத்தால கிளச்சைத் தள்ள உதவுறது) ராடு எவ்வளவு நகருதுன்னு அளந்து மேனுவலோட ஒப்பிடுங்க. பிடிச்சபடியே ஒரு நிமிஷம் இருங்க. ராடு மெல்லப் பின்னால வந்தா, வெளியில கசிவு தெரியாட்டியும் மாஸ்டர் சிலிண்டர் (மிதிச்சா எண்ணெயைத் தள்ளுறது) ரப்பர் உள்ளேயே விடுது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காம அடியில படுக்காதீங்க.

லோடுகாரன்:
காத்து எடுத்தாச்சு. ராடு ஒரு நிமிஷத்துல கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் பின்னால வருது. கசிவு எங்கயும் இல்ல.

கியர்மணி:
மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட்டை மாத்துங்க, பாக்ஸைத் தொட வேண்டாம். மாத்தினப்புறம் மறுபடி காத்து எடுத்து, அந்த 10 விநாடி சோதனையைத் திரும்பப் பண்ணுங்க. அப்பவும் ரெண்டாவது மட்டும் கத்தினா டபுள்கிளச் சொன்ன ரிங்தான்.