நிலத்தில் நட்ட அத்தி: குளிருக்கு எப்படி மூடுவது?

வணக்கம். டொராண்டோவில் எங்கள் பின்தோட்டத்தில் மூன்று வயது அத்தி நிற்கிறது, சிகாகோ ஹார்டி ரகம். அத்திக் கிளைகள் மைனஸ் 10, 12 டிகிரி வரைதான் தாங்கும். இங்கே சில இரவுகளில் மைனஸ் 20 வரை இறங்கிவிடும். போன குளிரில் சாக்குத் துணி மட்டும் சுற்றினேன். கிளைகள் எல்லாம் பட்டுப்போய், வேரிலிருந்துதான் துளிர்த்தது. ஆறடி வளர்ந்து காய்த்தும், பழுக்குமுன்னே உறைபனி வந்துவிட்டது. பச்சைக் காய்களைப் பறித்துப் போட மனசே வரவில்லை.

இங்குள்ள இத்தாலியக்காரர்கள் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சாய்த்துக் குழியில் புதைப்பார்கள். இளமரத்துக்கு அது சரிவருமா? இல்லை, கிளைகளைச் சேர்த்துக் கட்டி, கம்பி வலை சுற்றி, உள்ளே சருகு நிரப்பினால் போதுமா? அப்புறம், சருகுக்குள் எலி புகுந்து பட்டையைக் கடிக்காமல் என்ன செய்கிறீர்கள்? இலை உதிர்ந்தாயிற்று, மண் உறைவதற்குள் முடிக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.