“எதுனாலும் சரிம்மா” என்கிற பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

நீடாமங்கலம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், உயிரியல்-கணிதம் குரூப். கணக்கு 91, இயற்பியல் 90, வேதியியல் 92, உயிரியல் 98. ரிசல்ட் வந்த அன்றைக்கே வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. அவள் அப்பா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான், அதுவும் சென்னையில்தான் என்று நிற்கிறார். என் தம்பி திருச்சி போதும் என்கிறான். மாமியாருக்கு விடுதி என்ற பேச்சே ஆகாது, கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ போய்வருகிற தூரத்தில் ஒரு டிகிரி முடிக்கட்டும் என்கிறார். அவளைக் கேட்டால் “எதுனாலும் சரிம்மா” என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வயலுக்கு வந்தால் ஒரு வேலை செய்யமாட்டாள், வரப்பில் குந்திக்கொண்டு போனில் பூச்சிகளைப் படம் பிடித்துக்கொண்டிருப்பாள். போன சம்பாவில் பயிர் ஏன் இப்படி நிற்கிறது, உரம் பத்தவில்லையோ என்று அவள் தாத்தா யோசித்துக்கொண்டிருந்தபோது, இவள் ஒரு தூரைப் பிடுங்கி, நடுக்குருத்து வெங்காய இலை மாதிரி குழலாகியிருப்பதைக் காட்டி, அதைப் பிளந்து உள்ளே இருந்த புழுவையும் காட்டி “ஆனைக்கொம்பன் தாத்தா” என்றாள். இதை வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னால், “மூணு தலைமுறையா சேத்துல நின்னது போதும், அக்ரின்னு பேச்செடுக்காதே” என்று எழுந்து போய்விட்டார். நான் அக்ரி என்று சொல்லவே இல்லை.

நிலம் மூன்று ஏக்கர், கொஞ்சம் குத்தகை. காலேஜில் பணம் கட்டச் சொல்கிற நேரத்தில் குறுவை வயலில் நிற்கும், அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் ஏறினால்தான் கையில் காசு. எட்டாவது வரை தனியார் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி, அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? பெரியவன் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் வேலைக்குப் போகிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெட்டாறு:

அக்கா, நானும் திருவாரூர் பக்கம்தான், இப்போது சென்னையில் ஐ.டி. வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பூச்சியைப் படம் எடுப்பது பொழுதுபோக்கு, அதை வைத்து நாலு வருஷப் படிப்பை முடிவு பண்ணாதீர்கள். பொறியியலுக்குக் கட்ஆஃப் 200-க்கு 182 வருகிறது (91, அப்புறம் இயற்பியல் வேதியியல் இரண்டிலும் பாதி, 45 + 46). நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு இப்போது கம்ப்யூட்டர் கோடு (code) எழுதுகிறேன், எங்கே படித்தாலும் எழுதலாம். ஊரை விட்டு வெளியே வருவதுதான் பாதிப் படிப்பு. மாமியார் சொல்கிறார் என்று பக்கத்தில் போட்டுவிட்டால் டிகிரி முடிந்த மறு மாதமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், நம்ம ஊர் தெரியாதா.

7.5 கிடைக்காது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.


சாக்பீஸ் தூள்:

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ரொம்ப வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். வெளியூர் போகட்டும் என்று வெட்டாறு சொல்வது சரி. எங்கே படித்தாலும் கோடு எழுதலாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. விருப்பம் இல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன், இரண்டாவது செமஸ்டருக்குள் நாலு அரியர் விழுந்திருக்கும், வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

அம்மா, இவ்வளவு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற வீட்டில் பிள்ளை வாயைத் திறந்து ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால் யாராவது ஒருவருக்குக் கோபம் வரும், அதனால்தான் “எதுனாலும் சரி”. கூடத்தில் வைத்துக் கேட்காதீர்கள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் எங்காவது போகும்போது பேச்சுக் கொடுங்கள். அதிலும் “என்ன படிக்கிறே” என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். எதை நாலு வருஷம் படிக்கவே முடியாது என்று கேட்டுப் பாருங்கள், வேண்டாததைச் சொல்வது இந்த வயசில் சுலபம்.

பொறியியல் என்று முடிவானால், வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியல் விஷயத்தில் கவனமாக இருங்கள், வருஷா வருஷம் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து “நம்ம மார்க்குக்கு இதுதான் கிடைக்கும்” என்று கிடைக்கக்கூடியதை மேலே போட்டு, ஆசைப்பட்டதைக் கீழே போடுவார்கள். கலந்தாய்வில் உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, முதலில் காலியாக இருப்பதை ஒதுக்கிவிடும், அவ்வளவுதான். எட்டாத கல்லூரியை முதலில் போட்டதால் ஒரு நஷ்டமும் இல்லை. எட்டக்கூடியதை முதலில் போட்டால் அதோடு நின்றுவிடும், அதற்குக் கீழே போட்ட நல்ல இடம் கிடைப்பதாக இருந்தாலும் கிடைக்காது. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும், இதை வைத்துக்கொள்கிறேன், ஆனால் மேலே உள்ளது காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லவும் வழி இருக்கிறது. ஒதுக்கீடு வந்ததும் ஒப்புக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்துவிடாமல் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தப் பிரிவுக்கு எந்தச் சமூகத்துக்கு எவ்வளவில் முடிந்தது என்று முந்தைய வருஷக் கணக்கு கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழ் உள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைத் தேர்வுக்குத் தேர்வு வெளியிடுகிறது. புறவழிச்சாலையில் “100 சதவீதம் வேலைவாய்ப்பு” என்று பிளெக்ஸ் வைத்திருக்கும் கல்லூரி பாதிக்கு மேல் பேரை ஃபெயிலாக்கியிருப்பதை அதில் பார்க்கலாம். பிளெக்ஸில் போடும் எண்ணிக்கை வேறு கதை, ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் மூன்று என்றே எண்ணிக்கொள்வார்கள்.

நேரில் பார்க்கப் போனால் அட்மிஷன் ஆட்கள் காரில் கூட்டிப் போகும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வகுப்பு நடக்கும் நாளில் பதினோரு மணிவாக்கில் போய், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை கேன்டீனில் பிடித்துப் பேசுங்கள். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். கல்லூரிப் பஸ் உங்கள் ஊருக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று டிரைவரைக் கேளுங்கள், ஆபீசில் கேட்காதீர்கள். ஆறு மணிக்கு ஏறி ராத்திரி ஏழரைக்கு இறங்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்காது.


குட்டப்பட்டு பேட்ச்:

ஆனைக்கொம்பன் என்றதும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குழலைப் பிளந்து உள்ளே பார்த்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெட்டாறு அண்ணா இதைப் பொழுதுபோக்கு என்கிறார், நாங்கள் அதற்குத்தான் மதிப்பெண் வாங்கினோம்.

நான் திருச்சி பக்கம் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் பி.எஸ்ஸி. அக்ரி படித்தேன். பூச்சியியல் பாடத்துக்கு ஆளுக்கு ஒரு பெட்டி பூச்சி பிடித்து ஒப்படைக்க வேண்டும். ராத்திரி விடுதி விளக்கடியில் வலையோடு நின்று, பிடித்ததைக் கொன்று, ஊசியில் குத்தி, தெர்மோகோலில் இறக்கையை விரித்து, குடும்பப் பெயர் எழுதி, எறும்பு வராமல் இருக்க அந்துருண்டை போட்டு வைப்போம். வண்டுக்கு ஊசியை நெஞ்சில் குத்தக் கூடாது, வலது பக்க முன்னிறக்கையில்தான் குத்த வேண்டும், இப்படியெல்லாம் நுணுக்கம் இருக்கும். என் ரூம்மேட் ஒருத்தி அந்தப் பெட்டியைத் தொட முடியாமல் அழுதாள், இன்னொருத்தி இரண்டு பெட்டி செய்து ஒன்றை அவளுக்குக் கொடுத்தாள். உங்கள் பெண் இரண்டாவது ரகம் மாதிரி தெரிகிறது.

அப்பாவிடம் சேறு பற்றிச் சொல்லுங்கள். சேற்றில் இறங்குவோம்தான், வயலைப் பாத்தி பிரித்துக் கொடுத்து நெல் போட்டு அறுத்துக் காட்டச் சொல்வார்கள். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிப் படிப்பு. உங்கள் ஊருக்கும் வந்திருப்பார்கள், கோயில் வாசலில் கலர்ப் பொடியில் ஊர் வரைபடம் போட்டுவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டும் பிள்ளைகள். ஆனால் படித்து முடித்தால் வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு இது மாதிரி வேளாண் சார்ந்த படிப்பு உள்ளவர்களைத்தான் எடுக்கிறார்கள், விதைக் கம்பெனி, பூச்சிமருந்துக் கம்பெனி இருக்கிறது. எளிது என்று சொல்லமாட்டேன், என் வகுப்பில் பலர் வருஷக்கணக்கில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் அப்பாவுக்கு முகம் சுருங்கும்.

விண்ணப்பம் பொறியியல் கலந்தாய்வோடு சேராது, வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஆன்லைனில் போட வேண்டும், இரண்டுக்கும் போட்டு வையுங்கள். டெல்டாவிலேயே ஈச்சங்கோட்டையிலும் கீழ்வேளூரிலும் அரசு வேளாண் கல்லூரி வந்துவிட்டது, ஆனால் அங்கேதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளம் வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். மாமியாரிடம் விடுதி பற்றி இப்போதே பேசி வைப்பது நல்லது. உயிரியல் 98 என்பதால் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியையும் பாருங்கள், அங்கே மாநில இடங்களுக்கு நீட் கிடையாது, போட்டி மட்டும் கடுமை.

அப்புறம் வெட்டாறு சொன்ன 7.5 முழுசாகச் சரியில்லை. தனியார் பள்ளியில் எட்டாவது வரை ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கும் இலவச) இடத்தில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் கிடைக்கும். ஆர்.டி.இ.யா?


மூணாவது வருஷம் விலங்கியல்:

அம்மா, நான் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி. இங்கே எல்லாரும் இன்ஜினியரிங், அக்ரி என்றே பேசுவதால் நான் ஒன்று சொல்கிறேன். பூச்சி, பறவை, மீன் என்று திரிகிற ஆளுக்கு விலங்கியலும் படிப்புதான். விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளம். பெண்களுக்குக் கும்பகோணத்திலேயே அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் இருக்கிறது. பாட்டியும் சந்தோஷப்படுவார்.

ஆனால் குட்டப்பட்டு அக்கா சொல்லாமல் விட்ட ஒன்று. பின்னால் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் எம்.எஸ்ஸி. படிக்க ஆசை வந்தால் அங்கே அக்ரி மாதிரி இளநிலைதான் கேட்பார்கள், விலங்கியல்காரனுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். எம்.எஸ்ஸி. விலங்கியல் போய் அதில் பூச்சியைப் பிடிக்கலாம், அது வேறு ரூட். இதை நான் இரண்டாவது வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கல்லூரி 1854-ல் தொடங்கியது, உ.வே.சா. பாடம் நடத்தினார், ராமானுஜன் படித்தார் என்று விழா மேடையில் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடாததால் அவருக்கு உதவித்தொகை போய், ஊரை விட்டே ஓடினார் என்பதை மட்டும் ஒருத்தரும் மேடையில் சொல்வதில்லை :)


வெட்டாறு:

ஆர்.டி.இ. விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. சரி, பூச்சியை விட்டுவிடுகிறேன், ஆனால் விடுதிக்கு அனுப்புங்கள் அக்கா, அதில் மட்டும் விடமாட்டேன்.


நீடாமங்கலம் அம்மா:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஆமாம், ஆர்.டி.இ. இடத்தில்தான் சேர்த்தோம், ஒன்றாம் வகுப்பில்.

நேற்று மன்னார்குடிக்குத் துணி எடுக்கப் போனபோது பஸ்ஸில் கேட்டேன். வாத்தியார் சொன்ன மாதிரியே, எது முடியாது என்று. யோசிக்கவே இல்லை, “நாள் பூரா ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உட்கார முடியாதும்மா” என்றாள். அப்புறம் குட்டப்பட்டு பேட்ச் எழுதியதைப் போனில் காட்டினேன். வண்டுக்கு ஊசி குத்துகிற இடத்தை இரண்டு தடவை படித்தாள். “வலதுல ஏன்?” என்று என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்.

அவள் அப்பாவிடம் 7.5-ஐ முதலில் சொன்னேன், மற்றதைப் பிறகு. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வங்கி வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பொறியியலுக்கும் போடு, அக்ரிக்கும் போடு, எது வருகிறது பார்ப்போம் என்கிறார். அக்ரி வந்தால் மறுபடியும் சண்டை இருக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்தத் தனியார் பள்ளியைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். ஆர்.டி.இ.யில் படித்தாள் என்ற சான்றிதழை யாரிடம் வாங்குவது?


சாக்பீஸ் தூள்:

இ.எம்.ஐ.எஸ். எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எண்), எட்டாம் வகுப்பு டி.சி. நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தனியார் பள்ளிகள் பிரிவைப் பாருங்கள், மூடிய பள்ளியின் பதிவேடுகள் பற்றி அங்கேதான் கேட்க வேண்டும். இப்போது படித்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடமும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கு ஒரு சான்று வாங்கிவிடுங்கள். மகன் டிப்ளமோதான் என்பதால் வீட்டில் வேறு பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் இ-சேவையில் போட்டு வையுங்கள், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று தாண்டி வருவதற்குள் நாளாகிவிடும். விண்ணப்பக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள், இந்த வாரமே போங்கள்.


குட்டப்பட்டு பேட்ச்:

வலது இறக்கையில் குத்தினால் நடுக்கோடும் இடது பக்கமும் சேதமாகாமல் இருக்கும், இனம் கண்டுபிடிக்க அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவளிடம் சொல்லிவிடுங்கள்.