பூப் போட்டபோது குழந்தை கை மாற்றியது

புளியரைக்காரன்:
பூப் போட்டுப் பார்ப்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பா போன பிறகு கடையை விற்றுவிட்டுப் புனலூர் மாமாவோடு ரப்பர் வியாபாரத்தில் சேர்வதா, வேண்டாமா? வெள்ளை அரளி வந்தால் போவது, செவ்வரளி வந்தால் இருப்பது. அம்மா இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாஸ்தா முன்னால் வைத்தாள். கும்பிட வந்த யாரோ ஒருவருடைய பெண் குழந்தை ஒன்றை எடுத்தது. எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. உடனே அதைக் கீழே போட்டுவிட்டு மற்றதை நீட்டியது. பிரித்தால் வெள்ளை. குலவை போட்டார்கள். போனேன், பிழைப்பும் நடக்கிறது. ஆனால் கை மாற்றியது சாஸ்தாவா, என் முகமா?

தென்மலை அக்கா:
கையில் கொடுத்ததுதான் கணக்கு தம்பி. எங்கள் வீட்டில் பிரசன்னம் பார்ப்போம். சோழி உருட்டியவர், "குலதெய்வத்தை மறந்துவிட்டீர்கள்" என்றார். மலை தாண்டிக் குடியேறிய எந்தக் குடும்பத்திடமும் இதைச் சொல்லலாம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தப் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோவிலுக்குப் போக முதலில் பையைத் தூக்கியவரும் அவர்தான்.

செங்கோட்டைப் பெரியவர்:
மலை தாண்டியதாவது! 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தபோது நள்ளிரவில் அச்சன்கோவில் நடை திறந்து சாஸ்தாவின் கைச் சந்தனம் தந்தார்கள். பூசிய கையோடு ஜீப்பை ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம். இரண்டும் வேண்டும். பூப் போடுகிறவர்கள் கவனிக்க: பொட்டலங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். கேட்பவர் குழந்தைக்கு எதிரே நிற்கவே கூடாது. விடை பிடிக்கவில்லை என்று அடுத்த கோவிலுக்கு ஓடக் கூடாது. கடைப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள், பூ பத்திரம் படிக்காது. அடைமழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும், அந்த மாதங்களுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவோடு கூட்டு என்றால் எழுத்தில் இருக்கட்டும்.

புளியரைக்காரன்:
ஐயா, கடை விற்றுப் பல வருஷம் ஆகிறது. நான் எதிரேதான் நின்றிருந்தேன்.

ஆரியங்காவுப் பையன்:
அண்ணாச்சி, கீழே போட்ட பொட்டலத்தை யாராவது பிரித்தீர்களா? அக்காள் கல்யாணத்துக்கு எங்கள் ஆச்சி பூப் போட்டாள். வெள்ளை வந்தது. எல்லோரும் பிராகாரம் சுற்றப் போனபோது மிச்சமிருந்ததை நான் பிரித்தேன். அதிலும் வெள்ளை. ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாமிக்கு எதற்கடா வீண் சிரமம்" என்றாள். உங்களுக்கும் அம்மாதானே பொட்டலம் கட்டினார்கள்?