வண்டியை மறித்தவர்கள்: இரண்டு பேராக எல்லை தாண்டிய அனுபவங்கள்

கம்பத்து மருமகள்:
2018 ஆகஸ்ட் 15. அது என்ன நாள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், கட்டிக்கொடுத்தது கம்பத்தில். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் காரில் கிளம்பிய முதல் பயணம். குமுளியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் குட்டிக்கானம் வழியாக இறங்கி ஆலப்புழை போவதாகத் திட்டம். எனக்குக் கேரளம் சுத்தமாகப் புது நாடு. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீரைக் கொண்டுவந்து வைத்து "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார்கள். நான் முழித்தேன். "இங்கே வெள்ளம்னா தண்ணீர், இது பதிமுகம் போட்டுக் காய்ச்சினது" என்று இவர் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

காலையில் மழை கொட்டுகிறது. வண்டிப்பெரியாறு வருவதற்குள் நடு ரோட்டில் ஒருவர், தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். இவர் பிரேக் போட்டார். அந்த மனிதர் என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார். மழைச் சத்தத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. "வெள்ளம், வெள்ளம்." நான் கண்ணாடியை இறக்கி, மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். பாட்டிலை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அந்தப் பாட்டிலாலேயே கீழே சுட்டிக் காட்டினார். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடே இல்லை. செம்மண் தண்ணீர் ஓடுகிறது, ஒரு கேஸ் சிலிண்டர் சுற்றிச் சுற்றி மிதந்து போகிறது, பெட்டிக்கடை ஒன்றின் கூரை மட்டும் தெரிகிறது. இவர் கை நடுங்க ரிவர்ஸ் எடுத்தார். திரும்பிப் பார்த்தேன். அடுத்து வந்த ஜீப்பை மறித்துக்கொண்டிருந்தார். கையில் என் பாட்டில். மூடியைக்கூடத் திறக்கவில்லை, கீழே போடவும் இல்லை.

அவர் வீடு அந்தத் தண்ணீரில் இருந்ததா? அதற்கப்புறம் இரண்டு தரம் அந்த வளைவில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். யாரிடம் என்னவென்று கேட்பது?

பொள்ளாச்சிக்காரன்:
வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி. ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். செக்போஸ்டில் நேரம் எழுதிச் சீட்டு கொடுப்பார்கள், அந்தப் பக்கம் வாழச்சாலில் காட்ட வேண்டும், நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு எதிரே வந்த லாரிக்காரர் எங்களை மறித்து, ஹெட்லைட்டை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "ஆன" என்று உதட்டால் மட்டும் சொன்னார். இன்ஜினை அணைத்தோம். பக்கத்தில் மூங்கில் முறியும் சத்தம். அதுவரை பேசிக்கொண்டே வந்த என் மனைவி, கியரின் மேலிருந்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது அடி தள்ளி யானை ரோட்டுக்கு இறங்கியது. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. ஓரத்து மண்ணைத் துதிக்கையால் அள்ளி முதுகில் போட்டது. அதிலிருந்த பொடிக்கல் எங்கள் பானெட்டில் விழுந்தது. டக், டக், டக். மூன்று கல். யானையைவிட அந்தச் சத்தம்தான் இன்னும் ராத்திரியில் வருகிறது. நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். லாரிக்காரர் மட்டும் மறிக்காமல் விட்டிருந்தால் வளைவைத் திரும்பி நேரே அதன் காலடியில்தான் போய் நின்றிருப்போம். 2022 நவம்பரில் இதே ரோட்டில் யானைக்குப் பயந்து ஒரு பஸ்ஸை எட்டு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே ஓட்டிவந்த டிரைவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

தேனி மலைவண்டி:
முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு ஒரு கேள்வி. நாலு நாளாக மழை, எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. 26 வருஷம் கழித்து ஆகஸ்ட் 9-ந்தேதி இடுக்கி அணையின் செருதோணி மதகையே தூக்கிவிட்டார்கள். அதற்கப்புறமும் 15-ந்தேதி காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? மனது பொறுக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

என் அனுபவம் சின்னது. போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பனிமூட்டம், எதிரே ஒரு ஜீப் நடு ரோட்டில் லைட் போடாமல் நின்றது, மயிரிழையில் தப்பித்தோம். அவ்வளவுதான். ஆனால் புதிதாக மலைக்குக் கிளம்புகிற ஜோடிகளுக்குச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிரேக் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் ஓரம்கட்டி நிறுத்தி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அது மரியாதை மட்டுமில்லை, விதியும்கூட. மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி எதிரே நிற்கும், லோ பீம் போடுங்கள். ரோட்டில் தண்ணீர் ஓடினால் முன்னால் போகிறவன் தாண்டிவிட்டான் என்று நீங்களும் இறங்காதீர்கள். ஒரு அடி ஆழ ஓட்டம் போதும், சின்ன காரைத் தூக்கிவிடும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அவசரத்துக்கு 112. சிக்னல் இருக்கும் இடத்திலேயே வீட்டுக்கு ஒரு போன் போட்டு எந்த ரோட்டில் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

கம்பத்து மருமகள்:
நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா. இவருக்கு லீவு கிடைத்தது அந்த மூன்று நாள்தான். கம்பத்தில் மழை பெரிதாக இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் அப்படிக் கொட்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

செங்கோட்டை:
"புது நாடு" என்பது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் தாத்தா திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் குடிமகனாகப் பிறந்தவர். 1956 நவம்பர் 1-ந்தேதிதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு இன்னும் இருக்கிறது. புளியரை செக்போஸ்டைத் தாண்டினால் அந்நிய தேசம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

ஆனால் என் மனைவி சேலம். அவளுக்கு எல்லாமே புதிது. கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்காக விடியற்காலை மூன்றரைக்கே கிளம்பினோம். ஆரியங்காவு தாண்டி, பதின்மூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டயர் போய்விட்டது. கும்மிருட்டு. ஜாக்கி வழுக்குகிறது. அப்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம், ஆள் உயரத்தில், நிற்பதும் நகர்வதுமாக வருகிறது. அவள் கார் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான் எவ்வளவு சொல்லியும் திறக்கவில்லை.

பால்வெட்டுக்காரர். நெற்றியில் லைட். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து ஜாக்கிக்கு அடியில் கொடுத்து, தலையை மட்டும் குனிந்து சக்கரத்துக்கு வெளிச்சம் காட்டினார். நட்டைக் கழற்றும்போது அவர் கையிலிருந்து ரப்பர் பால் புளித்த வாடை வந்தது. முக்கால் மணி நேரம். கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. காசு நீட்டினேன். வாங்காமல் மரங்களைக் காட்டி "வெயில் ஏறினா பால் நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினார், நிஜமாகவே ஓடினார். அன்றைக்கு அவருக்கு எத்தனை மரம் வெட்டாமல் போனதோ. கொல்லம் போய்ச் சேரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பலமநேர்ப் பக்கம்:
நான் மறிக்கப்பட்டவன் இல்லை, மறித்தவன். சித்தூரிலிருந்து பெங்களூர் போகிற ரோட்டில், மொகிலி கணவாய் இறக்கத்தின் நடுவில் எங்கள் இளநீர்க் கடை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. ஒரு சாயங்காலம் பலமநேரிலிருந்து ஒரு கார் இறங்கி வருகிறது, முன்சக்கரம் இரண்டிலும் புகை. வாடை எனக்கே அடிக்கிறது. இன்னும் இறக்கம் பாக்கி இருக்கிறது. ரோட்டுக்கு ஓடி "ஆகண்டி! ஆகண்டி!" என்று கத்தினேன். கார் மெதுவாகத்தான் வந்தது. உள்ளே சின்ன வயசு ஜோடி. அந்தப் பெண் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினாள். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த கத்தி என் கையிலேயே இருந்தது, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார் வேகமெடுத்துத் தாண்டியபோது பார்க்கிறேன், தமிழ்நாட்டு நம்பர். "நிறுத்துங்க" என்று கத்தினேன். கேட்டிருக்காது. முதலிலேயே தமிழில் கத்தியிருந்தால் நின்றிருப்பார்களா?

அன்றைக்குக் கீழே எதுவும் நடந்ததாகச் செய்தி இல்லை. சக்கரம் புகைந்த காரில் போன யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம் என்று மட்டும் போதும்.

பெரியாறு லயம்:
கம்பத்து அக்காவுக்கு. நான் வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அன்றைக்கு விடிவதற்கு முன்பே முல்லைப்பெரியாறு அணை மதகைத் திறந்துவிட்டார்கள். ஆற்றோரத்து ஜனமெல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டது. ஆம்பிளைகள் ஆளுக்கொரு பக்கமாக வண்டிகளைத் திருப்பிவிட ஓடினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தமிழாட்கள் நிறையப் பேர். உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வது மழைக்காலத்தில் தோட்டத்தில் எல்லாரும் செய்வது. அவர் உங்கள் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொல்லியிருக்கலாம் அக்கா. வெள்ளம் என்றால் வெள்ளம்தான்.

கம்பத்து மருமகள்:
இதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக, அவர் மலையாளத்தில் சொன்னார், எனக்குப் புரியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். அவர் தமிழில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு மாதிரியே இவருக்கும் தோன்றவே இல்லை.

பலமநேர் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத ஊரில், ஆளில்லாத ரோட்டில், தலையில் சாக்கோடு ஓர் ஆள் வந்து தட்டினால் நான் கண்ணாடியை இறக்குகிறவள் இல்லை. அன்றைக்கு இறக்கியது, அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்ததால்தான்.