அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லம் தேர்ந்தெடுக்க வழிகாட்டுங்கள்

வணக்கம். நியூ ஜெர்சியில் எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து, சில வாரங்கள் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், பராமரிப்பு இல்லங்களுக்கு 2008 முதல் வெளியிடும் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டில் ஆய்வாளர்களின் சோதனை, பணியாளர் அளவு, தரக் குறியீடுகள் ஆகிய மூன்றும் சேர்கின்றன. ஆனால் தரக் குறியீடுகளில் பல, இல்லங்கள் தாமே தரும் தகவல்களைக் கொண்டு கணக்கிடப்படுவதால், மொத்த நட்சத்திரங்களை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

நேரில் பார்த்த நான்கு நட்சத்திர இல்லம் ஒன்றில், ஒரு மூதாட்டியின் அறையில் உதவிக்கான அழைப்பு விளக்கு எரிந்து 20 நிமிடங்களாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மூதாட்டியின் தண்ணீர்க் குவளையோ கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் என் கவலை இரட்டிப்பாகிறது.

சோதனை அறிக்கையையும் வார இறுதிப் பணியாளர் விவரத்தையும் எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது என்று அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டும்.